மைனஸ் வளர்த்த காளான்

என் தம்பியைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மைனஸ் இருக்காரா?" என்றுதான் கதவைத் தட்டுவார்கள். தபால்காரரும் அப்படித்தான். பதினான்கு வருடம் குளிர்பதனக் கிடங்கில் மீன் பெட்டி அடுக்கியவன் அவன். அங்கே உள்ளறையின் குளிர் மைனஸ் பதினெட்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாய் ஓயாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். "நீங்கல்லாம் பிளஸ்ல இருக்கறவங்க, உங்களுக்கு என்ன தெரியும்?" என்பான். பெயர் ஒட்டிக்கொண்டது.

அவனை நான் கேலி செய்வேன். வேறு யாராவது செய்தால் எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெயில் காலத்தில் ஊரே நிழல் தேடி ஓடும்போது இவன் மட்டும் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்காருவான். ஆவி பறக்கும் தேநீரை ஒரே மடக்கில் குடிப்பான். வீட்டில் மின்விசிறியைப் போட்டால், "எதுக்கு இந்தக் கொடுமை?" என்று நிறுத்திவிடுவான். அவன் மனைவி ஒருநாள் என்னிடம், "அண்ணி, உங்க தம்பிக்குப் பொண்ணு பாத்தப்ப இதையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டாள். பதினான்கு வருடக் குளிரை ஒரு மனிதன் உடம்பிலிருந்து இறக்க வேண்டாமா என்று நான் அவனுக்காகத்தான் பேசினேன்.

போன வருடம் அவன் விரல் நுனிகள் வெளுக்க ஆரம்பித்தன. எங்களிடம் மறைத்துவிட்டான். ஆனால் அவன் சட்டைகளை இஸ்திரி போடுவது நான். துவைத்து வரும் சட்டைகளில் மேல் பித்தானைத் தவிர மற்றதெல்லாம் போட்டபடியே இருந்தன. பனியனைப் போல் தலை வழியாக மாட்டிக் கழற்றுகிறான் என்று புரிந்தது. பதினொரு நாள் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள், "கையைக் காட்டு" என்றேன். பத்து விரல்களில் ஆறில் உணர்ச்சியே இல்லை.

மருத்துவர் சுருக்கமாகச் சொன்னார். குளிருக்குள் இனி போகக் கூடாது, போனால் விரல்களுக்கு அவர் பொறுப்பில்லை. கிடங்கின் சூப்பர்வைசர் நல்லவர். இரண்டு மாதம் விடுப்பு கொடுத்தார். "அறுபதாம் நாள் இந்தக் குளிர்க் கோட்டைப் போட்டுக்கிட்டு வந்து நின்னா, உன் வேலை உனக்கு. கோட்டை மடிச்சு எங்கிட்டக் குடுத்தா, வேற வழி பாத்துக்கிட்டேன்னு எடுத்துக்கறேன்" என்றார்.

அந்தக் கோட்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆணியில் தொங்கியது. கருநீலம், பஞ்சு திணித்தது, வலது பை கிழிந்தது. யார் கூடத்தைக் கடந்து போனாலும் ஒருமுறை அதைப் பார்க்காமல் போக முடியாது.

வேற வழி என்று அவன் கண்டுபிடித்தது காளான். அவன் மனைவி ஒரு மாணவர் விடுதிச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். அங்கே தலைமைச் சமையல்காரம்மா, "ஒரே நாள்ல ரெண்டு கூடை, வாடாம, கறுக்காம கொண்டு வந்து காட்டட்டும். அப்புறம் வாராவாரம் அவர்கிட்டயே எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். இவன் ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போய், காளான் வித்துப் பொட்டலங்களும் ஒரு தாளுமாகத் திரும்பி வந்தான். தாளில் 'வெப்பநிலை 25 முதல் 28 வரை' என்ற வரியின் கீழ் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தான்.

"அக்கா, எல்லாரும் இதுலதான் கோட்டை விடறாங்களாம். சூட்டையும் குளிரையும் பத்தி எனக்கே பாடம் எடுக்கறாங்க, பாரேன்! பதினாலு வருஷம் வேற என்ன பண்ணேன்?"

"அங்க மிஷின் குளிர வெச்சுது. நீ பெட்டி தூக்கினே" என்றேன்.

"மிஷினைப் பாத்துக்கிட்டது யாரு?"

"அது வேற ஆள். அவரும் இதையே வீட்டுல சொல்லிக்கிட்டிருப்பாரு."

என் இஸ்திரி அறை நீளமானது. நடுவில் தகரத் தடுப்பு ஒன்று வைத்து, பின்பாதியில் துணி மூட்டைகளைப் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பாதியை அவனுக்குக் காலி செய்து கொடுத்தேன். ஒரு ஜன்னல், சிமெண்டுத் தரை, வெயில் நேராக விழாத இடம். வேறென்ன வேண்டும்?

வைக்கோலை அவனே நறுக்கினான். ஊறவைத்து, பெரிய அண்டாவில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, கையில் பிடித்துப் பிழிந்தால் சொட்டுத் தண்ணீர் வராத பதத்துக்குக் கொண்டுவந்தான். விரலில் உணர்ச்சி இல்லாததால், "பிழிஞ்சு பாருக்கா, ஈரம் தெரியுதா?" என்று ஒவ்வொரு பிடிக்கும் என்னைக் கூப்பிட்டான். பிறகு பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு வித்து என்று நிரப்பி, வாயைக் கட்டி, பக்கங்களில் துளை போட்டான். இருபது பைகள். இவற்றை இருட்டில் வைத்தால், பதினெட்டு இருபது நாளில் வித்திலிருந்து வெள்ளை இழைகள் ஓடிப் பை முழுக்கப் பஞ்சு போல் வெளுக்க வேண்டும். அதன்பிறகுதான் வெளிச்சமும் தண்ணீரும் காட்டி மொட்டு விடச் செய்வது.

பைகளை அவன் அடுக்கியதைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. தகரத் தடுப்பை ஒட்டி, ஐந்து ஐந்தாக நான்கு வரிசை, நடுவில் ஒரு விரல் நுழையாது. செங்கல் சுவர்கூட அவ்வளவு நேர்த்தியாக இருக்காது.

வெப்பமானி வாங்கி வந்ததும், மாட்டியதும், அதைப் படித்து எழுதும் பொறுப்பை ஏற்றதும் நான். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் என் கணக்கில் பிசகு வராது. ஜன்னலுக்குப் பக்கத்தில், கண்ணாடி போடாமலே எண் தெரிகிற உயரத்தில் மாட்டினேன். நோட்டில் அடிக்கோல் வைத்து நான்கு கட்டம் போட்டேன். தேதி, நேரம், சூடு, பார்த்தவர். காலை ஆறு, பகல் ஒன்றரை, மாலை ஏழு. ஒரு நாளும் தவறவில்லை.

"அண்ணி நோட்டைப் பாத்தாலே காளான் பயந்து முளைச்சிடும்" என்றாள் தம்பி மனைவி.

பயப்படவில்லை. இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தாறு என்று நோட்டு அழகாக நிறைந்துகொண்டிருக்க, பதினைந்தாம் நாள் பைகளுக்குள் பச்சைப் பூசணம் படர்ந்தது. தடுப்பை ஒட்டிய வரிசை முதலில் போயிற்று. பிறகு நடுவரிசைகள். இருபதில் பதினேழைத் தூரக் கொண்டுபோய்ப் புதைத்தான். மிச்சம் மூன்றிலும் இழை சோர்ந்துபோய்க் கிடந்தது.

வித்துக்காரரிடம் போய்ச் சண்டை போட்டான். அவர் நிதானமாக, "வித்துல குத்தமில்லீங்க. எங்கியோ சூடு ஏறியிருக்கு" என்றார்.

"சூடா? எங்க அக்கா எழுதின நோட்டு இருக்கு. பாக்கறீங்களா?"

நோட்டைக் கையோடு எடுத்துப் போயிருந்தான். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "கையெழுத்து பிரமாதமா இருக்கு" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். அந்தப் பாராட்டு எனக்கு இனிக்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் இரண்டாம் தடவை இருபது பைகள் கட்டினான். அதே இடம், அதே அடுக்கு. ஒரு வாரம் போனது. தடுப்பை ஒட்டிய பைகளில் இழை மறுபடி தயங்கி நின்றது. அவனை வழக்கம்போல் கேலி செய்து பார்த்தேன். கேலிக்குப் பதில் வராத வீடு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் கோட்டைப் பார்த்தான். விரல்களை மடக்கி மடக்கி நீட்டினான்.

இருபத்தொன்பதாம் நாள் பகலில் தானாகவே ஆணியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"இன்னும் ஒரு மாசம் இருக்கு. இப்ப எதுக்கு அது?" என்றாள் அவன் மனைவி. குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"இன்னும் சேருதான்னு பாக்கறேன். உன் சமையல்ல இளைச்சிருக்கேனா, ஊதியிருக்கேனான்னு தெரிய வேண்டாமா?"

பித்தான் போட முடியவில்லை. அவளே குனிந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, கிழிந்த பை என்பதையும் மறந்து வலது பைக்குள் கையை விட்டான். கை கிழிசல் வழியாக உள் துணிக்குள் போனது. அங்கேயே நின்றது. துழாவி எதையோ வெளியே எடுத்தான்.

ஒரு சாண் நீள எஃகு ஊசி, தலையில் சின்ன வட்டத்தில் எண்கள். குத்திப் பார்க்கும் வெப்பமானி.

"அடப்பாவி, இதையா ரெண்டு வருஷமா தேடினோம்! சூப்பர்வைசர் எங்கிட்ட விளக்கக் கடுதாசியே எழுதி வாங்கினாரே!"

"இது எதுக்கு?" என்றேன்.

"மீனைக் குத்திப் பாக்க. ரூம்ல மைனஸ் பதினெட்டுன்னு சுவத்துல காட்டும்க்கா. ஆனா பெட்டி நடுவுல என்ன இருக்குன்னு சுவத்துக்கு என்ன தெரியும்? அதனால ஒவ்வொரு லாரியிலயும் பத்துப் பெட்டியாவது குத்திப்..."

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பதினான்கு வருடம் தினமும் செய்த வேலையை ஒரு மனிதன் வீட்டு வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வருவானா? என் தம்பி வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

கோட்டோடு பின்னறைக்கு ஓடினான். ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து, ஜன்னல் பக்கப் பையில் ஒரு துளை வழியாக இறக்கினான். இருபத்தொன்பது. நடு வரிசையில் முப்பத்துமூன்று. தகரத்தை ஒட்டிய பையில் முள் ஏறிக்கொண்டே போய் முப்பத்தெட்டில் நின்றது. சுவரில் என் வெப்பமானி இருபத்தாறு என்று சாதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"காய்ச்சல் அடிக்குதுக்கா இதுக்கு" என்றான் மெதுவாக.

பிறகு தரையில் உட்கார்ந்து, கோட்டுக்குள் வியர்த்துக் கொட்ட, கணக்குப் போட்டான். "நான் மீன் பெட்டி மாதிரி அடுக்கியிருக்கேன். மீனு செத்தது. நெருக்கி அடுக்கினா குளிர் போகாது, சும்மா கெடக்கும். இது உசுரோட இருக்கு. மூச்சு விடுது, மூச்சு விட்டா சூடு வரும். இருபது பேரைக் கூட்டமான பஸ்ல ஏத்திக் கதவைச் சாத்தின மாதிரி பண்ணிட்டேன்."

"சரி, நடுவுல இருக்கறது அதனால சூடு. தகரத்துப் பக்கம் ஏன் அதைவிடச் சூடு?" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவன் தகரத்தில் புறங்கையை வைத்தான். விரல் நுனி போனாலும் புறங்கை வேலை செய்கிறது. சட்டென்று எடுத்துக்கொண்டான்.

"அக்கா, இதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

அந்தப் பக்கம் நான் இருந்தேன். பத்தொன்பது வருடமாக அதே இடத்தில். என் மேசை தகரத்தை ஒட்டிக் கிடக்கிறது. இரண்டு இஸ்திரிப் பெட்டிகள். ஒன்று ஓடும்போது மற்றொன்று தகரத்தில் சாய்ந்து நிற்கும். போட்டு முடித்த துணி சூட்டோடு அதே தகரத்தில் சாய்ந்து ஓர் ஆள் உயரம் ஏறும். காலை ஏழு முதல் பகல் ஒன்று வரை, மூன்று முதல் ஆறு வரை வேலை.

தம்பி மனைவி என் நோட்டை எடுத்து விரித்தாள். "காலைல ஆறு, மத்தியானம் ஒன்றரை, சாயங்காலம் ஏழு. அண்ணி, நீங்க இஸ்திரி போடாத நேரமாப் பொறுக்கியெடுத்து எழுதியிருக்கீங்க!"

"போடற நேரத்துல பெட்டியை விட்டுட்டு எப்படி வர்றது? யார் சட்டையாவது பொசுங்கிடாதா?"

"நியாயம்தான். சட்டை தப்பிச்சுது, காளான் பொசுங்கிடுச்சு."

என் நோட்டில் இன்றைக்கும் ஒரு அடித்தல் திருத்தல் காட்ட முடியாது. எழுதிய எண்ணெல்லாம் சரி. எழுதிய நேரமும், மாட்டிய இடமும்தான் சரியில்லை. தம்பி அதைச் சொல்லவே இல்லை. "நீ எழுதலைன்னா எந்த நேரத்துல தப்பு நடந்ததுன்னே தெரிஞ்சிருக்காது" என்றான். அவன் எனக்குத் தம்பியாகப் பிறந்ததில் எனக்குக் கர்வம் உண்டென்றால் இந்த மாதிரி இடங்களில்தான்.

அன்று மாலையே மூன்று பேருமாக என் மேசையைத் தள்ளிக்கொண்டுபோய் வாசல் பக்கச் சுவரோரம் போட்டோம். பத்தொன்பது வருடம் நின்ற இடத்தில் நான்கு காலும் சிமெண்டில் குழி பறித்திருந்தன. தடுப்பை ஒட்டிய ஐந்து பைகளைக் காப்பாற்ற முடியவில்லை. மிச்சம் பதினைந்தையும் கூரைக் கட்டையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டான், பைக்குப் பை ஒரு முழம் இடைவெளி. காலையும் மாலையும் ஜன்னலைத் திறந்து காற்றுவிட்டு, நடுப்பகலில் மூடி ஈரச் சாக்கு தொங்கவிட்டான். சூடு பார்க்கும் நேரத்தை நான் மாற்றி எழுதினேன். பகல் பன்னிரண்டும் மாலை நாலும் சேர்ந்தன. ஐந்தாவதாக ஒரு கட்டம்: 'பைக்குள்'. அதில் எண் குறைந்துகொண்டே வந்தது. முப்பத்தொன்று, முப்பது, இருபத்தெட்டு.

நாற்பத்துநான்காம் நாள் பதினைந்தும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டன. அன்றிலிருந்து அவன் தொல்லை தாங்க முடியவில்லை. அறைக்குள் ஒரு சமயத்தில் ஒருவர்தான் போகலாம். இரண்டு நிமிடம். தேநீர்க் கோப்பையோடு போகக் கூடாது.

"கோப்பைல என்ன வந்தது?" என்றேன்.

"அது எண்பது டிகிரி. உள்ள மொட்டு வர்ற நேரம்."

"நான் முப்பத்தேழு டிகிரி. வரலாமா?"

"வேகமா வந்துட்டுப் போ."

வித்துக்காரரே பார்க்க வந்தபோதும் வாசலில் நிற்கவைத்து, "வேர்த்திருக்கீங்க. காத்தாட உக்காருங்க, அப்புறம் போகலாம்" என்றான். அவர் அரை மணி நேரம் உட்கார்ந்து, என் நோட்டைத் திரும்பவும் படித்தார். இந்த முறை கையெழுத்தைப் பற்றிப் பேசவில்லை. "இந்த அஞ்சாவது கட்டம் ரொம்ப நல்ல யோசனைங்க" என்றார்.

ஐம்பத்திரண்டாம் நாள் துளைகளில் குண்டூசித் தலை போல மொட்டுகள் எட்டிப் பார்த்தன. ஐம்பத்துநான்காம் நாள் அந்த வருடத்திலேயே இல்லாத வெயில். காலை பத்து மணிக்கே அறையில் இருபத்தொன்பது. இன்னும் ஏறினால் மொட்டு கருகிவிடும் என்று தாளில் இருந்தது. அன்றைக்குப் பார்த்து எனக்கு ஒரு தங்கும் விடுதியின் சீருடை மூட்டை, மாலைக்குள் தர வேண்டும். மேசை தள்ளிப் போட்டிருந்தாலும் அறை ஒன்றுதானே. தம்பி தடுப்போரம் வந்து நின்றான். இஸ்திரிப் பெட்டிகளைப் பார்த்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்லக்கா. உன் வேலை உனக்கு."

நான் இரண்டு பெட்டிகளின் இணைப்பையும் பிடுங்கினேன். மேசையை மாடிப்படிக்குக் கீழே இழுத்துப் போட்டு, கூடத்திலிருந்து நீள ஒயர் இழுத்து, சீருடை அத்தனையும் அங்கே நின்று போட்டேன். போகிற வருகிறவர்கள் எல்லாம், "என்ன, வீட்டைவிட்டுத் துரத்திட்டாங்களா?" என்றார்கள். "ஆமா, காளான் வந்து துரத்திடுச்சு" என்றேன். உள்ளே அவன் சாக்குகளை நனைப்பதும், தரையில் தண்ணீர் தெளிப்பதும், ஊசியை ஒவ்வொரு பையிலும் இறக்கி எடுப்பதுமாக இருந்தான். பன்னிரண்டு மணிக்கு இருபத்தொன்பது. நாலு மணிக்கு இருபத்தெட்டரை. அந்த அரையை நோட்டில் நான் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

ஐம்பத்தேழாம் நாள் அறுவடை. சிப்பி சிப்பியாக, அடுக்கடுக்காக, சாம்பல் வெள்ளையில். கத்தி வேண்டாம், அடியைப் பிடித்துத் திருகினாலே வந்துவிடும் என்றாலும், அவன் விரலுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாதே. முதல் கொத்தைப் பிடித்தவன் நின்றான். "ஜில்லுனு இருக்குக்கா" என்றான். இரண்டு மாதம் குளிரைத் தொடாத விரலில் கொஞ்சம் உணர்ச்சி திரும்பியிருந்தது. அவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சீக்கிரம் பறிங்க, ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சு" என்றாள்.

இரண்டு கூடை நிறைந்து, மூன்றாவதில் பாதி. சமையல்காரம்மா ஒன்றைப் பிட்டு முகர்ந்து பார்த்து, "அடுத்த வாரமும் இதே கிழமை" என்றாராம். தம்பி மனைவி இதை எங்களுக்கு நான்கு முறை நடித்துக் காட்டினாள்.

கோட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் வலது பையின் கிழிசலைத் தைத்தேன். அது தைக்காமல் இருந்ததால்தான் எல்லாம் நடந்தது. ஆனாலும் கிழிந்த துணியை அடுத்தவர் கையில் கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஊசி வெப்பமானியையும் துடைத்து, காகிதத்தில் சுற்றி வைத்தேன். அது கிடங்கின் பொருள். அறுபதாம் நாள் அவன் இரண்டையும் கொண்டுபோய் வைத்தபோது சூப்பர்வைசர் முதலில் கோட்டைத் தடவிப் பார்த்தாராம். "போகட்டும், நல்லா இரு" என்றாராம். பிறகு காகிதத்தைப் பிரித்தவர், "இது எங்க இருந்துச்சு?" என்று கேட்டு, அதற்கும் ஒரு விளக்கக் கடுதாசி எழுதி வாங்கிக்கொண்டுதான் அனுப்பினாராம்.

அவன் வீடு திரும்புவதற்குள் நான் கடையில் புதிய ஊசி வெப்பமானி ஒன்று வாங்கி ஆணியில் தொங்கவிட்டிருந்தேன், கோட்டு தொங்கிய அதே ஆணியில். வாங்கியிருக்கக் கூடாது. இப்போது தேநீரைக் குத்திப் பார்க்காமல் குடிப்பதில்லை. சோற்றைக் குத்துகிறான். நேற்று நான் வாசலோரம் வேலையாக இருந்தபோது பின்னால் வந்து, இஸ்திரி போட்ட துணி அடுக்கின் நடுவில் இறக்கிவிட்டான்.

"நாப்பத்திநாலு" என்றான்.

"அதுக்கு என்னடா இப்ப?"

"பத்தொம்பது வருஷமா இது பக்கத்துல நிக்கறே. ஒரு முழம் தள்ளிக்கக் கூடாதா?"

துணி அடுக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி எனக்கு ஒரு முக்காலியைப் போட்டான். ஜன்னலைத் திறந்தான். பிறகு, தன் வாழ்நாளில் முதல் முறையாக, தானே போய் மின்விசிறியைப் போட்டான்.